அமெரிக்க அமைச்சரவை: அமைச்சரா, செயலரா, காரியதரிசியா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு அடுத்த மாதம் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல். வயது 68. கிரீன் கார்டு வாங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஐம்பத்தைந்து வயதைக் கடந்து, பதினைந்து ஆண்டுகள் நிரந்தரவாசியாக இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். அதனால் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் கேள்வி கேட்பேன், அம்மா பதில் சொல்வார்.

நேற்று மாட்டிக்கொண்டேன். "அதிபரின் அமைச்சரவை என்ன செய்கிறது?" என்பது கேள்வி. "அதிபருக்கு ஆலோசனை சொல்கிறது" என்பது விடை. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆலோசனை சொல்வதற்கு இத்தனை மந்திரியா? சரி, இவர்கள் எந்தத் தொகுதியில் ஜெயித்தவர்கள்?" என்றார். தொகுதியே கிடையாது என்றேன். "தேர்தலில் நிற்காதவனை எப்படி மந்திரி என்று சொல்கிறாய்?" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

ஆங்கிலத்தில் "செக்ரட்டரி" என்று வரும் பதவியைத் தமிழ்ச் செய்திகளில் தேடினால் ஒரு பத்திரிகை "வெளியுறவு அமைச்சர்" என்கிறது, இன்னொன்று "வெளியுறவுச் செயலர்" என்கிறது. செயலர் என்றதும் அம்மாவுக்குக் கோட்டையில் கோப்பு பார்க்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் நினைவுக்கு வருகிறார். எது சரி? இந்தத் துறைகள் உண்மையில் என்னதான் செய்கின்றன?

---

பழைய உதவி ஆசிரியர்

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி, தங்கச்சி. மொழிபெயர்ப்பு மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். நாங்கள் "அமைச்சர்" என்று எழுதியது வாசகருக்குச் சட்டென்று புரியவேண்டும் என்பதற்காக. அது சரியான சொல் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்கு முந்தைய தலைமுறை "காரியதரிசி" என்று எழுதியது. அதுதான் பொருந்துகிற சொல். பிறர் காரியத்தைப் பார்ப்பவர். யாருடைய காரியம்? அதிபருடையது.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்பிரதியில் "அமைச்சரவை" என்ற சொல்லே கிடையாது. இரண்டாவது பிரிவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: துறைத் தலைவர்களிடம், அவரவர் அலுவல் பற்றி, எழுத்து மூலமாக அதிபர் கருத்துக் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். கேட்டே ஆகவேண்டும் என்றோ கேட்டபடி நடக்கவேண்டும் என்றோ இல்லை.

முதல் அதிபர் வாஷிங்டன் முதலில் நாடியது நாடாளுமன்ற மேலவையான செனட்டைத்தான். 1789 ஆகஸ்டில் தெற்கத்திய பழங்குடியினருடன் செய்யவேண்டிய ஒப்பந்தம் பற்றி யோசனை கேட்க நேரிலேயே போய் உட்கார்ந்தார். அவர்கள், குழு அமைத்துப் பரிசீலிக்கிறோம் என்று இழுத்தடித்தார்கள். மனிதர் கடுப்போடு வெளியேறினார். அதன் பிறகு தன்னிடம் இருந்த நான்கு பேரையே கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். வெளியுறவுக்கு ஜெஃபர்சன், கருவூலத்துக்கு ஹாமில்டன், போர்த்துறைக்கு நாக்ஸ், அட்டர்னி ஜெனரலாக ராண்டால்ஃப். 1791 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் நால்வரும் ஒன்றாகக் கூடினார்கள். எந்தச் சட்டமும் சொல்லாமல் பழக்கத்தில் முளைத்தது இந்தச் சபை. ஜெஃபர்சனும் ஹாமில்டனும் அங்கே போட்ட சண்டையைச் சேவல் சண்டை என்று ஜெஃபர்சனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இன்று துறைகள் பதினைந்து. வெளியுறவு, கருவூலம், பாதுகாப்பு, நீதி, உள்நாட்டு வளம், வேளாண்மை, வணிகம், தொழிலாளர், சுகாதாரம், வீட்டுவசதி, போக்குவரத்து, எரிசக்தி, கல்வி, முன்னாள் படைவீரர் நலன், உள்நாட்டுப் பாதுகாப்பு. உருவான வரிசை ஏறத்தாழ இதுதான். மேசையைச் சுற்றி உட்காருவதும் இந்த மூப்புப்படிதான். பந்தியில் சம்பந்தி வீட்டார் உட்காருவதைப் போல.

---

நல்லூர் வாசகன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறையும் அதன் தலைவரும் எங்கள் பத்திரிகைகளில் "இராஜாங்கத் திணைக்களம்", "இராஜாங்கச் செயலாளர்" என்றுதான் வரும். ஆனால் எங்கள் நாட்டில் இராஜாங்க அமைச்சர் என்றால் அமைச்சரவைக்கு வெளியே இருக்கும் இரண்டாம் நிலை அமைச்சர். திணைக்களம் என்றால் அமைச்சுக்குக் கீழே வரும் அலுவலகம். ஆகவே செய்தியைப் படிக்கும் எங்கள் ஆட்களுக்கு அமெரிக்காவின் முதல்நிலைப் பதவி ஏதோ கீழ்நிலை உத்தியோகம்போலத் தோன்றும். நீங்கள் "அமைச்சர்" என்று எழுதி உயர்த்துகிறீர்கள், நாங்கள் "திணைக்களம்" என்று எழுதித் தாழ்த்துகிறோம்.

இன்னொன்று. எங்களிடமும் நிறைவேற்று ஜனாதிபதி இருக்கிறார். ஆனால் அவருடைய அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் நேர் எதிர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

---

கேள்விக்கணை

உண்மை, நல்லூர் அண்ணா. நான் சென்னையில் சட்டம் படிக்கிறேன். அரசு பதவியில் இருப்பவர் காங்கிரஸின், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தின், எந்த அவையிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று அவர்களுடைய சாசனத்தின் முதல் பிரிவே சொல்கிறது. 2009இல் ஹிலாரி கிளின்டன் செனட் இடத்தை விட்டுவிட்டுத்தான் வெளியுறவுத் துறைக்குப் போனார். 2025 ஜனவரியில் மார்கோ ரூபியோவும் அப்படியே.

ஆனால் பழைய உதவி ஆசிரியர் ஐயாவிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. "காரியதரிசி" என்றால் ஏதோ கைகட்டி நிற்கும் ஆள்போல ஆகிவிடுகிறதே? தேர்தல் இல்லை, கூட்டுப்பொறுப்பு இல்லை, அதிபர் நினைத்தால் வேலைக்கு வைக்கிறார், நினைத்தால் துரத்துகிறார். இது முடியாட்சி இல்லையா? லிங்கனைப் பற்றிக்கூட ஒரு கதை சொல்வார்களே: அமைச்சரவையில் ஏழு பேரும் வேண்டாம் என்றார்களாம், லிங்கன் மட்டும் வேண்டும் என்று கைதூக்கினாராம், "வேண்டும் என்பவரே வென்றார்" என்று முடித்தாராம்.

---

பழைய உதவி ஆசிரியர்

தம்பி, அந்தக் கதை நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பொய்யான கதையிலும் ஒரு மெய் இருக்கிறது. அந்த மேசையில் வாக்கெடுப்பு என்று எதுவும் இல்லை. துறைத் தலைவர்கள் கூட்டாக வாக்களிக்க வேண்டிய ஒரே இடம் 1967இல் வந்த 25ஆவது திருத்தத்தின் நான்காம் உட்பிரிவு. அதிபர் பணியாற்றும் நிலையில் இல்லை என்று துணை அதிபரும் பெரும்பான்மைத் துறைத் தலைவர்களும் எழுதிக்கொடுக்கலாம். இதுவரை அது பயன்பட்டதே இல்லை.

கைகட்டி நிற்கும் ஆளா என்றால், இல்லை. துறையை உண்டாக்குவது காங்கிரஸ். "செயலர் இன்னதைச் செய்ய வேண்டும்" என்று பதவியின் பெயர் சொல்லிச் சட்டம் எழுதுவதும் காங்கிரஸ். பணம் ஒதுக்குவதும் அவர்களே. அதிபர் வைத்த ஆள், காங்கிரஸ் கட்டிய வீடு. இரண்டு எசமானர்களுக்கு ஒரு காரியதரிசி. அவர் படும் பாட்டை நினைத்துப் பார்.

தங்கச்சி, "கையெழுத்துப் போடுவது யார்" என்று அம்மா கேட்டால் கைப்பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். வாஷிங்டன் படத்துக்கு வலப்பக்கம் இருப்பது கருவூலச் செயலரின் கையெழுத்து. நம் ரூபாயில் ரிசர்வ் வங்கி ஆளுநர் போடுவதை அங்கே இவர் போடுகிறார். 2013இல் ஜாக் லூ என்பவரை அந்தப் பதவிக்கு ஒபாமா அறிவித்தபோது அவருடைய கையெழுத்து பெரிய வேடிக்கையானது. எழுத்தே இருக்காது, ஜாங்கிரி பிழிந்ததுபோல் சுழி மட்டும். ஒரு எழுத்தாவது தெரிகிறமாதிரி போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஒபாமா கிண்டலடித்தார். அந்த மனிதர் நிஜமாகவே கையெழுத்தை மாற்றிக்கொண்டார்.

---

எடிசன்வாசி

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். இந்தத் துறைகள் என்ன செய்கின்றன என்பதை எங்கள் ஊர் ஆட்களுக்கு விளக்க நான் வைத்திருக்கும் உதாரணம் எச்1பி வேலை விசா கோப்பு.

வேலைக்கு எடுக்கும் நிறுவனம் முதலில் போய் நிற்பது தொழிலாளர் துறையிடம். இந்த ஊரில் இந்த வேலைக்கு வழங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பேன் என்று உறுதி சொல்ல வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மனுப்போடுவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடியேற்றப் பிரிவில். மனு தேறினால் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா குத்துவது வெளியுறவுத் துறை. விமான நிலையத்தில் இறங்கியதும் முத்திரை போட்டு உள்ளே விடுபவர் மறுபடியும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஒரு பாஸ்போர்ட்டுக்கு மூன்று செயலர்கள்.

கிரீன் கார்டு வரிசை ஏன் நகரவில்லை என்று இந்த மூவரில் யாரைத் திட்டியும் பயனில்லை. வேலை வழியாக வழங்கும் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். காங்கிரஸ் மாற்றினால்தான் உண்டு. ஐயா சொன்ன "காங்கிரஸ் கட்டிய வீடு" என்பதை வரிசையில் நிற்கிற ஒவ்வொருவனும் அனுபவத்தில் அறிவான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. குடியேற்ற வேலை எந்தெந்தத் துறையில் இருந்தது என்று பாருங்கள். 1891இல் கருவூலத்தில். 1903இல் வணிகமும் தொழிலாளரும் சேர்ந்த துறையில். 1913இல் அது பிரிந்தபோது தொழிலாளர் துறையில். 1940இல், உலகப்போர் நேரம், நீதித்துறையில். 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்பில். வந்திறங்கும் அந்நியனை முதலில் வருமான இனமாகவும், பிறகு கூலியாளாகவும், பிறகு சந்தேகத்துக்குரியவனாகவும், இப்போது பாதுகாப்புப் பிரச்சினையாகவும் பார்த்திருக்கிறார்கள். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே போதும், கொள்கை தெரிந்துவிடும்.

---

நல்லூர் வாசகன்

எடிசன்வாசி, கடைசிப் பந்தி அருமை. ஒரு சந்தேகம்: பட்டியலில் "உள்நாட்டு வளம்" என்றும் "உள்நாட்டுப் பாதுகாப்பு" என்றும் இரண்டு இருக்கிறதே? எது உள்துறை?

---

பழைய உதவி ஆசிரியர்

இரண்டுமே இல்லை! இதில் நான் எத்தனை முறை வழுக்கியிருக்கிறேன் என்று எண்ண முடியாது. 1849இல் தொடங்கிய உள்நாட்டு வளத் துறையை, "இன்டீரியர்" என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து, "உள்துறை" என்று எழுதிவிடுவோம். மறுநாள் வாசகர் ஒருவர் கடிதம் போடுவார்: "உள்துறை அமைச்சருக்கும் காட்டெருமைக்கும் என்ன சம்பந்தம்?"

அது போலீஸ் துறையே அல்ல. தேசியப் பூங்காக்கள், மத்திய அரசின் நிலம், சுரங்கக் குத்தகை, மேற்கத்திய அணைகள், பழங்குடியினர் விவகாரம் எல்லாம் அங்கே. வேறு எங்கும் இடமில்லாததைப் போட்டுவைக்கும் பரண். "மற்றதெல்லாம் துறை" என்றே அதற்குப் பட்டப்பெயர். ஆனால் அந்தப் பரணிலும் காடு இல்லை. தேசியக் காடுகள் 1905 முதல் வேளாண்மைத் துறையில். யெல்லோஸ்டோன் பூங்காவில் நிற்கும் மரம் ஒரு செயலருடையது, எல்லைக் கல்லைத் தாண்டி நிற்கும் மரம் இன்னொரு செயலருடையது.

அந்நாட்டில் நம் உள்துறைக்குச் சமமான ஒன்று கிடையாது. எஃப்.பி.ஐ. நீதித்துறையில். எல்லைக் காவல் உள்நாட்டுப் பாதுகாப்பில், அதுவும் 2001 தாக்குதலுக்குப் பிறகு இருபத்திரண்டு அமைப்புகளை ஒன்றாகக் கட்டி 2003இல் இயங்கத் தொடங்கிய துறை. ஊர்ப் போலீஸ் மாநிலத்துக்கும் நகரத்துக்கும் உரியது. அதிபரைக் காக்கும் ரகசியக் காவல் படை 2003 வரை கருவூலத்தில் இருந்தது தெரியுமா? 1865இல் அது பிறந்ததே கள்ள நோட்டைப் பிடிப்பதற்காக.

எரிசக்தித் துறை இன்னொரு பொறி. பெயரைக் கேட்டால் மின்வாரியம் என்று தோன்றும். அணுகுண்டுகளை வடிவமைத்துப் பராமரிக்கும் பொறுப்பு அதனிடம். 2011இல் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி அதிபர் வேட்பாளர் விவாத மேடையில், மூன்று துறைகளை ஒழிப்பேன் என்றார். வணிகம், கல்வி... மூன்றாவது பெயர் வாயில் வரவில்லை. ஒரு நிமிடம் போல் தடுமாறிவிட்டு மன்னிப்புக் கேட்டார். மறந்தது எரிசக்தி. 2017இல் டிரம்ப் அவரை எந்தத் துறைக்கு வைத்தார் என்று சொல்லவும் வேண்டுமா? ஒழிக்கச் சொன்னதற்கு வருந்துகிறேன் என்று செனட் விசாரணையில் சொல்லிவிட்டுப் பொறுப்பேற்றார்.

---

கேள்விக்கணை

நான் மறுபடியும் துரத்தும் அதிகாரத்துக்கே வருகிறேன். நியமனத்துக்குச் செனட் ஒப்புதல் வேண்டும், சரி. ஆனால் செனட் உண்மையில் தடுக்கிறதா? வாக்கெடுப்பில் கடைசியாகத் தோற்றவர் 1989இல் ஜான் டவர், பாதுகாப்புத் துறைக்கு, 47க்கு 53. அதன் பிறகு ஒருவரும் இல்லை. ரூபியோவுக்கு 99க்கு 0. அதே வாரத்தில் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழிந்த ஹெக்செத்துக்கு 50க்கு 50 என்று நின்றபோது துணை அதிபர் வான்ஸ் வந்து முடிச்சை அவிழ்த்தார். 2017இல் கல்வித் துறைக்கு வந்த பெட்சி டெவோஸுக்கு அப்போதைய துணை அதிபர் பென்ஸ் செய்ததுபோல.

---

பழைய உதவி ஆசிரியர்

தோற்கும் என்று தெரிந்தால் வாக்கெடுப்புவரை போகாமலே பெயரை வாபஸ் வாங்கிவிடுவார்கள். எண்ணிக்கையில் வராத தோல்விகள் அவை.

துரத்துவது பற்றி உனக்கு ஒரு கதை சொல்கிறேன், இது ஆதாரமுள்ளது. லிங்கன் கொலைக்குப் பிறகு ஆண்ட்ரூ ஜான்சன் அதிபர். போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் காங்கிரஸின் பக்கம். அவரைக் காப்பாற்றவே 1867இல் ஒரு சட்டம் போட்டார்கள்: செனட் ஒப்புதலோடு வந்தவரைச் செனட் ஒப்புதலின்றி நீக்கக்கூடாது. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் நீக்கினார். லோரென்சோ தாமஸ் என்ற வயதான தளபதியை அந்த இடத்துக்கு அனுப்பினார். ஸ்டான்டன் எழுந்திருக்க மறுத்து அலுவலகத்திலேயே அடைந்துகொண்டார். செனட்டர் சம்னர் அவருக்கு ஒரே ஒரு சொல்லில் செய்தி அனுப்பினார்: "ஒட்டிக்கொள்." தாமஸைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். அவர் நேராகத் திரும்பிவந்து மீண்டும் நாற்காலியைக் கேட்டார். கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை என்று தாமஸ் புலம்ப, ஸ்டான்டன் விஸ்கி வரவழைத்தார். இருவரும் குடித்தார்கள். இதைப் பின்னால் விசாரணையில் சொன்னவர் தாமஸேதான்.

மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை ஜான்சன்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. செனட்டில் 35க்கு 19. நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு வாக்கு குறைவால் தப்பினார். அந்தச் சட்டத்தை 1887இல் ரத்து செய்தார்கள். 1926இல் உச்ச நீதிமன்றம், ஒரு தபால் அதிகாரி வழக்கில், நீக்கும் அதிகாரம் அதிபருடையது என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஆளைத் துரத்தலாம். துறையைத் துரத்த முடியாது.

---

கேள்விக்கணை

ஐயா, அங்கேதான் நான் உடன்படவில்லை. கல்வித் துறையைப் பாருங்கள். 1979இல் உருவானது. 1980லேயே ரீகன் ஒழிப்பேன் என்றார், காங்கிரஸ் அசையவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் மூடும் வேலையைத் தொடங்குங்கள் என்று ஆணையிட்டார். "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வால் அதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊழியரில் ஏறத்தாழப் பாதியைக் குறைக்கும் நடவடிக்கை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கும்போதே அது தொடரலாம் என்றது. பெயர்ப்பலகை காங்கிரஸுடையது. உள்ளே நாற்காலிகள் காலி. இதை என்னவென்று சொல்வது?

---

எடிசன்வாசி

பெயர்ப்பலகை விஷயத்தில் இரண்டு வேடிக்கை. மஸ்க் நடத்திய "அரசுத் திறன் துறை" பெயரில்தான் துறை. காங்கிரஸ் அதை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த டிஜிட்டல் சேவைப் பிரிவுக்கு அதிபர் ஆணையால் பெயர் மாற்றியது, அவ்வளவே. அடுத்து 2025 செப்டம்பரில் பாதுகாப்புத் துறைக்குப் "போர்த்துறை" என்று பழைய பெயரைச் சூட்டினார்கள். சட்டத்தில் இன்னும் பாதுகாப்புத் துறைதான், போர்த்துறை என்பது துணைப்பெயர். கேள்விக்கணை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது: பெயர் ஓரிடம், அதிகாரம் ஓரிடம் என்று ஆகிவிட்டது.

---

பழைய உதவி ஆசிரியர்

தம்பி, காலி நாற்காலி பற்றிய உன் வாதத்துக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பணம் ஒதுக்கிய பிறகும் ஆள் இல்லாமல் செய்யமுடியும் என்றால் நான் சொன்ன "இரண்டு எசமானர்" கணக்கில் ஒருவர் மெலிந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். யோசிக்கிறேன்.

---

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழு இழையையும் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் பண்ணையாரும் காரியஸ்தரும். நிலம் கோயில் நிலம்" என்றார். ஐயா எழுதிய அத்தனையும் இதில் அடங்கிவிட்டதுபோல் இருந்தது.

டாலர் நோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அதிபர் ஆண்டுதோறும் காங்கிரஸில் உரையாற்றும்போது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று அமைச்சரவையிலிருந்து ஒருவரை மட்டும் வேறிடத்தில் வைத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். "கல்யாணத்துக்குப் போகும்போது வீட்டுக்கு ஒரு ஆளைக் காவல் வைப்பதுதானே" என்றார்.

தேர்வில் அமைச்சரவைப் பதவிகள் இரண்டின் பெயர் சொல்லச் சொன்னால் வேளாண்மைச் செயலர், அட்டர்னி ஜெனரல் என்று சொல்லப்போகிறார். இரண்டாவது, சொல்ல எளிதாக இருக்கிறதாம். அங்கே அட்டர்னி ஜெனரலே நீதித்துறையின் தலைவர், நம் ஊரில்போல வழக்காடும் வக்கீல் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவைத்தேன்.

ஒரு கேள்வி பாக்கி. தாத்தா கிராமத்தில் கிளை அஞ்சலக போஸ்ட்மாஸ்டர். பட்டியலைக் கேட்டதும் அம்மா, "தபால் எங்கே?" என்றார்.

---

பழைய உதவி ஆசிரியர்

இருந்தது, தங்கச்சி! அதிபர் ஜாக்சன் காலத்தில், 1829இல், போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் அமைச்சரவை மேசைக்கு வந்தார். ஊருக்கு ஊர் போஸ்ட்மாஸ்டர் வேலை கட்சிக்காரர்களுக்குக் கொடுக்க வசதியான வேலை. அதனால் தேர்தலை நடத்திக்கொடுத்தவருக்கே அந்தப் பதவி போவது வழக்கமாயிற்று. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு ஜேம்ஸ் ஃபார்லி அப்படி வந்தவர். 1970 மார்ச்சில் தபால் ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டே காங்கிரஸ் சட்டம் போட்டது. 1971 முதல் தபால் ஒரு தனி அமைப்பு, மேசையில் இடமில்லை.

---

வெண்ணாற்றங்கரை

சொன்னேன். "ஒரு மாதம் மணியார்டர் வரவில்லை என்றால் தெரியும் யார் மந்திரி என்று" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.